மஞ்சள் எழுத்துப் பெட்டி

சத்தியம், சத்தியம், சத்தியம். மூன்று தரம் சொல்லிவிட்டேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக் காலையில் என் பல்செட்டு எனக்கே பொருந்தாமல் போகட்டும்.

போத்தனூரில் வெரோனிக்கா என்று ஒரு பெண்மணி. வயது நாற்பது. பொம்மை ரயில் சேகரிப்பவர்கள் தங்கள் கூட்ஸ் பெட்டிகளை அவரிடம்தான் கொண்டுவருவார்கள். பொம்மைக் கம்பெனி செய்த அசலா, பின்னால் எவனோ நிறம் மாற்றிய போலியா என்று அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

பெட்டியை மோந்து பார்த்து, "இது மூணு வருஷம் பூண்டு ஊறுகாய்க்குப் பக்கத்துல இருந்திருக்கு" என்பார். இருந்திருக்கும். ஒருமுறை கண்ணைக் கட்டிக்கொண்டு, பெட்டியை மேசையில் தட்டி, செவ்வாய்க்கிழமை வார்த்தது என்றார். கம்பெனிக்கே கடிதம் போட்டுக் கேட்டார்கள். செவ்வாய்தான் என்று பதில் வந்தது, மன்னிப்புக் கடிதத்தோடு.

அவருக்கு ஒரே சீடர். ராக்கியப்பன், ஓய்வு பெற்ற கூட்ஸ் ரயில் கார்டு, வயது அறுபத்தொன்பது. பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். தானாக ஒரு தீர்ப்பும் சொன்னதில்லை.

அன்றைக்கு வெரோனிக்கா இரண்டு பெட்டிகளை அவர் முன் வைத்தார். இரண்டும் சிவப்பு. இரண்டிலும் மஞ்சள் எழுத்து.

"இந்தப் பெட்டிக்கு எப்பவும் வெள்ளை எழுத்துத்தானுங்க. ஒரே ஒரு நாள் வெள்ளை மை தீந்துபோயி மஞ்சள்ல அச்சடிச்சுட்டாங்க. ஒண்ணு அந்த நாள் பெட்டி. இன்னொண்ணு போலி. இன்னைக்கு நீங்க சொல்லுங்க கார்டய்யா."

"தப்பாச் சொல்லிப்போட்டா, அம்மணி?"

"நாளைல இருந்து வர வேண்டாமுங்க. இன்னும் பதினோரு வருஷம் பார்த்தாலும் ஆகாது."

ராக்கியப்பன் இரண்டு பெட்டிகளையும் வெளிச்சத்துக்கு நகர்த்தினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரு பெட்டியில் எழுத்துகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. மற்றதில் வரி சற்றே சாய்ந்திருந்தது. முதல் எழுத்து வெளிறிக் கிடந்தது. அவர் விரல் நேரான பெட்டியை நோக்கிக் கிளம்பியது.

"இருங்க. முதல்ல இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"ராஜினாமாவா, அம்மணி?"

"போடுங்கன்னா."

கூட்ஸ் ரயிலின் கடைசியில் ஆடுகிற பிரேக் வேனில் முப்பத்தாறு வருஷம் கையெழுத்துப் போட்டவர். தாளைப் பார்க்காமலே கிறுக்கினார்.

"அதே மாதிரி கீழ ஒண்ணு. ஒரு மயிரிழை விலகக் கூடாது."

நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். முடிப்பதற்குள் வெளியே தண்டவாளத்தில் நாலு கூட்ஸ் போய்விட்டது. ஐந்தாவது இவருக்காக சிக்னலில் காத்து நின்றது என்று சொல்கிறார்கள்.

வெரோனிக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் முன்னாலேயே வைத்தார்.

"இதுல எது கள்ளக் கையெழுத்துங்க?"

"ரெண்டும் என்னுதுதானுங்களே!"

"போலீஸ்காரன் எதைப் பிடிப்பான்?"

ராக்கியப்பன் குனிந்து பார்த்தார். இரண்டாவதில் ஒவ்வொரு வளைவும் சரியாக இருந்தது. ஒவ்வொரு கோடும் நடுங்கியது.

"கீழ இருக்கறதை."

அவர் மறுபடி பெட்டிகளை எடுத்தார். பூதக்கண்ணாடியை எழுத்தெழுத்தாக நகர்த்தினார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார்.

"அம்மணி! இந்த முதல் எழுத்து மங்கினது இல்லீங்க. மஞ்சளோட வெள்ளை கலந்திருக்குது. போகப் போகத்தான் முழு மஞ்சளாகுது. அச்சு உருளையைக் கழுவாமயே கம்பெனிக்காரன் மை மாத்திட்டான், சோம்பேறிப் பய! அந்தப் போலிக்காரன் பாவம், சுத்தமாக் கழுவி, அளவுகோல் வச்சுல்ல அடிச்சிருக்கான்."

"அப்ப?"

"இந்தக் கோணல்தானுங்க அசல்."

வெரோனிக்கா மேசை இழுப்பறையைத் திறந்தார். அசல் என்று எழுதித் தருகிற சான்றிதழை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி, பேனாவைத் திறந்து கொடுத்தார்.

ராக்கியப்பன் எழுதவில்லை. கோணல் பெட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உலகத்துலயே நாலோ அஞ்சோதான் இருக்குமுங்க. அடிச்சவனுக்கு இது இத்தனை பெரிய சாமானாகும்னு தெரிஞ்சிருக்குமா, அம்மணி?"

"தெரிஞ்சிருந்தா நல்லா அடிச்சிருப்பானுங்க."

ராக்கியப்பன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

நீங்களும் கேட்காதீர்கள். கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளுங்கள், தடையில்லை. சொன்னது இன்னார் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். போத்தனூர்ப் பக்கம் எனக்கு இன்னும் போக்குவரத்து இருக்கிறது.