நெய் மணம்

மன்னார்குடி ரைஸ்மில் முதலாளி தெய்வசிகாமணி மாரடைப்பு வந்து பிழைத்தார். ரத்தத்தில் கொழுப்பு ஏறி இதயக் குழாயில் படிந்திருக்கிறது, இனி நெய்யை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவருக்குக் கனவிலும் நெய்தான்.

ஒருநாள் சமையற்காரி சொர்ணக்கிளியிடம் சீறினார். "நாளைக்கு நான் சாப்பிடறப்ப நெய் மணக்கணும். ஆனா ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. முடியலைன்னா வேலையை விட்டுடு."

மறுநாள் இலை முன்னால் உட்கார்ந்ததும் நெய் மணம் கமகமவென்று வந்தது. பருப்புச் சோற்றை ஆசையாகப் பிசைந்து சாப்பிட்டவர் பாதியில் திடுக்கிட்டார்.

"என்னைக் கொல்லப் பார்க்கிறியா? எவ்வளவு நெய் ஊத்தினே?"

"ஒரு கரண்டி, ஐயா. ஆனா அதைச் சாப்பிடறது நீங்க இல்லை."

அவள் கைகாட்டிய பக்கம் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் நெய்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுபடி இலைப் பக்கம் திரும்பி, மிச்சச் சோற்றைப் பிசைந்தார்.

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வை," என்றார்.