ஓரத்து ஓட்டு

பேரூராட்சித் தலைவர் பொன்னுரங்கம் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. தேர்தல் நெருங்குகிற நேரம். கடைக்காரர் ஒரு பிளாஸ்மா டிவியையும் ஒரு எல்சிடி டிவியையும் அவர் வீட்டுக் கூடத்தில் வைத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். இரண்டிலும் உள்ளூர் கேபிளில் தலைவரின் பேச்சே ஓடிக்கொண்டிருந்தது.

நடுக்கூடத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எல்சிடிதான். பளிச்சுனு இருக்கு பாருங்க" என்றார். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்த வார்டு ஜனங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே "ஆமாங்க" என்றார்கள்.

அடுப்படி வாசலில் நின்ற சமையல்காரி தாயம்மாள் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். தலைவர் பார்த்துவிட்டார்.

"பிளாஸ்மான்னு சொன்ன டிரைவரைக் காலையிலதான் துரத்தினேன். இப்ப நீயா? இந்த எல்சிடியில ஒரே ஒரு குறை காட்டு. இல்லேன்னா நீயும் கிளம்பு!"

தாயம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க நாற்காலியிலிருந்து பாத்தா ஒரு குறையும் இல்லைங்கய்யா. கொஞ்சம் இப்படி ஓரமா வந்து பாருங்க."

விருட்டென்று எழுந்து வந்தார். அங்கிருந்து பார்த்தால் பிளாஸ்மாவில் அவர் அவராகவே இருந்தார். எல்சிடியிலோ பேயறைந்தவர் மாதிரி வெளிறிப்போய் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மீசை துடித்தது. "நான் நடுவுலதானே உக்கார்றேன்! ஓரத்திலிருந்து எவன் பாக்கப்போறான்?"

"நடுவுல இருக்கறது உங்க ஒரு ஓட்டுத்தானுங்கய்யா. மிச்ச ஓட்டெல்லாம் ஓரத்துலதான் உக்காந்திருக்குது."

எல்சிடியைக் கடையில் கொண்டுபோய்ப் போட டிரைவர் வேண்டுமே, காலையில் துரத்தியவரைக் கூட்டிவர உடனே ஆள் ஓடியது.