வளைவில் மின்னிய விளக்கு

“அதை எப்படி அணைக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க மேடம். நான் கிளம்பணும்.”

போஜன் உட்காரவில்லை. சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். கோத்தகிரி மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். புது வண்டி வந்ததிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை.

பயிற்சித் திடலில் ஓட்டுநர்களுக்குப் பாடம் எடுக்கும் ருக்சானா அவரைவிட ரொம்பச் சின்னவள்.

“எதை அண்ணே?”

“மழையில வளைவு திரும்பினா மஞ்சள் விளக்கு ஒண்ணு கண்ணடிக்குது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை, அதுவா பிடிக்குது. பின்னாடி பிரசவ வலியில ஒரு பொண்ணு. பக்கத்துல பள்ளம். அங்க வச்சு எனக்கும் வண்டிக்கும் இழுபறி.”

ருக்சானா உதவியாளரைக் கூப்பிட்டாள். திடலில் தண்ணீர் பாய்ச்சச் சொன்னாள். அவரைப் பயிற்சி வண்டியில் ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினாள்.

“அந்த விளக்கோட வேலையை அணைச்சாச்சு. திடல் நடுவுல வச்சிருக்கிற அந்த பிளாஸ்டிக் டிரம்மில படாம ஒதுங்கிப் போங்க.”

போஜன் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டியின் பின்பக்கம் வழுக்கியது. அவர் திருப்பத் திருப்ப, அது தன்பாட்டுக்குச் சுழன்று, வந்த வழியைப் பார்த்து நின்றது.

“இன்னொரு தடவை,” என்றார்.

மறுபடியும் சுழன்றது.

அவள் பொத்தானைத் திரும்ப அழுத்தினாள். “இப்போ அதே வேகத்துல.”

ஒடித்தார். பின்பக்கம் அசைந்தது. விளக்கு மின்னியது. முன்சக்கரம் ஒன்றில் மட்டும் கறகறவென்று பிரேக் பிடிக்கிற சத்தம். வண்டி டிரம்மை ஒதுக்கிக்கொண்டு நேராகப் போய் நின்றது.

“எந்தச் சக்கரத்தைப் பிடிச்சீங்க அண்ணே?”

“நான் எங்க பிடிச்சேன்? எனக்கு இருக்கிறது ஒரே பெடல். மிதிச்சா நாலும்தான் பிடிக்கும்.”

சொல்லிவிட்டுக் குனிந்து பெடலைப் பார்த்தார்.

“அப்போ இனிமே எந்த வேகத்துலயும் திரும்பலாமா?”

“ரோட்டுல டயருக்குப் பிடி இருக்கிற வரைக்கும்தான். அதுக்கு மேல போனா அதுவும் உங்ககூடப் பள்ளத்துக்கு வரும்.”

போஜன் சிரிக்கவில்லை. “இத்தனை வருஷமா ஓட்டுறேன். அதுக்கு என்மேல நம்பிக்கை இல்லைதானே மேடம்?”

“வண்டி எந்தப் பக்கம் போகணும்னு அதுக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலையே.”

ஸ்டியரிங்கை இன்னும் விடாமல் இறுக்கிப் பிடித்திருந்த அவருடைய கைகளை அவள் காட்டினாள்.

“இந்தக் கை சொன்ன பக்கத்தைக் கேட்டுத்தான் அது பிடிச்சுது.”