கம்பியைத் தாண்டிய காற்று

"சரியான எடத்துலதானுங்க வெச்சேன் அம்மிணி. அப்புறம் ஏன் பிஸ்டன் கருகிப் போச்சு?"

கேட்டவர் ஆறுச்சாமி, லாரி மெக்கானிக். ஓட்டை விழுந்த பிஸ்டனைச் செத்த கோழிக்குஞ்சு போல உள்ளங்கையில் ஏந்தியிருந்தார்.

கேட்கப்பட்டவள் ஜெசிந்தா. கோவைக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் பந்தயக் கார்களுக்கு வேகம் கூட்டித் தருகிறவள்.

குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். கற்றுக்கொள்ளக் கூச்சப்பட்டால் காரியம் கெடும் என்பது ஆறுச்சாமியின் கட்சி.

வாயுவைப் பீய்ச்சும் நாசிலை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள்.

இன்ஜின் வாயிலேயே வைத்ததாகச் சொன்னார். நைட்ரஸ் வாயு வழியில் வீணாகக் கூடாது, அல்லவா?

அந்த வாயு உள்ளே போனால் வண்டி பாயும். ஆனால் அவர் மாட்டியது வாயுவை மட்டும் ஊதுகிற வகை. அதற்குத் தக்க பெட்ரோலை இன்ஜினேதான் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டாவிட்டால் சூடேறி, தன்னையே தின்றுவிடும்.

கார் அவருடைய மகள் பிரவீணாவுடையது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம். போன பந்தயத்தில் தோற்று வந்தவள், சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பெற்ற மனம் கேட்குமா?

விதிகளில் தடையில்லை என்று விசாரித்துக்கொண்டார். வாயு சிலிண்டரை சீட்டுக்கு அடியில் ஒளித்தார். பெடலை முழுக்க மிதித்தால் வாயு தானாகத் திறக்கும்படி செய்தார். நல்ல வேளை, முதலில் ஓட்டிப் பார்த்தது அவரேதான்.

"புள்ளைகிட்டச் சொல்லீராதீங்க. தானா ஜெயிச்சதாவே நெனச்சுக்கட்டும்."

ஜெசிந்தா காரின் பக்கம் போனாள்.

காற்றுக் குழாயிலிருந்து சென்சாரைக் கழற்றினாள். அதனுள் முடி போல ஒரு கம்பி. எவ்வளவு காற்று வருகிறது என்று இன்ஜினுக்குச் சொல்வது அதுதான். வயரைப் பிடுங்காமல் அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அளவு காட்டும் திரையைப் பக்கத்தில் வைத்தாள்.

"ஊதுங்ணா."

ஊதினார். திரையில் எண் ஏறியது.

சென்சாரைத் திரும்ப மாட்டினாள். அதற்கு அப்பால், இன்ஜின் பக்கமாக அவர் போட்டிருந்த துளையைக் காட்டினாள்.

"இப்ப இதுல ஊதுங்க."

கன்னம் உப்ப ஊதினார். கண்ணில் நீர் வந்தது. எண் அசையவில்லை.

"காத்து உள்ள போச்சுங்களா?"

"போச்சு."

"இன்ஜினுக்குத் தெரியுமுங்களா?"

ஆறுச்சாமி அந்தத் துளையை விரலால் மூடினார்.

புது பிஸ்டன் போட இரண்டு நாள் ஆனது. பழைய துளையை அடைத்தார். சென்சாருக்கு முன்னால், சற்றுத் தள்ளி, காற்று போகிற திசையைப் பார்த்தபடி நாசிலை மாற்றி வைத்தார். ஜெசிந்தா எதையும் தொடவில்லை.

ஓட்டிப் பார்த்தார்கள். வாயு கம்பியைக் கடந்ததும் பெட்ரோல் தானே கூடியது. வண்டி பாய்ந்தது. சூடு ஏறவில்லை.

"அருமைங்ணா," என்றாள் ஜெசிந்தா.

சந்தோஷப்பட வேண்டியவர், சீட்டுக்கு அடியில் ஒளித்த சிலிண்டரைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணு, உன்ற வண்டீல உனக்குத் தெரியாம ஒண்ணு மாட்டிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார். கருகிப்போன பிஸ்டனையும் மறைக்கவில்லை.

"நீ தெரியாம மிதிச்சிருந்தீன்னா..." முடிக்காமலே அழுதுவிட்டார்.

மகள் என்ன சொல்வாளோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவருக்குப் பயமாக இருந்தது. மகள் தோற்ற நாளில்கூட இவ்வளவு பயம் இல்லை.

"அழுவாதீங்கப்பா," என்றாள் பிரவீணா. "பானட்டைத் தொறந்தே வெய்யுங்க. வேணுமா வேண்டாமான்னு நான் வந்து பார்த்துச் சொல்றேன்."

"சரிங் கண்ணு," என்றார் ஆறுச்சாமி.