வெளியே போக முடியாத அண்ணன்

பெருங்குடியில் ஒரு மென்பொருள் கம்பெனி. நோயாளிகளுக்கு வேளாவேளைக்கு மாத்திரையை நினைவூட்டும் செயலி ஒன்றை நடத்திவந்தது. அங்கே வடிவமைப்பாளர் வேலைக்கான நேர்காணலுக்குத் தூத்துக்குடி மரியசெல்வி வந்திருந்தாள். இதுவும் கைவிட்டுப் போனால் ஊருக்குத் திரும்புவதைத் தவிர அவளுக்கு வழியில்லை.

வடிவமைப்புத் தலைவர் ரங்கபாஷ்யம் அவள் வரைந்து கொண்டுவந்ததைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்க செயலிய விட்டு ஒருத்தரும் வெளிய போனதில்லம்மா. அதுல ஒரு குறை காட்டு, வேலை உனக்குத்தான்" என்று சிரித்தார். "ஆமா, இன்டர்வியூவுக்கு என்னதான் படிச்சிட்டு வந்தே?"

"நீங்க சொல்றது நெசம்தான் சார். எங்க அண்ணன் செத்து நாலு மாசமாச்சு. அவனே இன்னும் வெளிய போகல."

அண்ணனின் போனை மேசையில் வைத்தாள். 'ஞானராஜ், மாத்திரையை மறக்காதீர்கள்!' என்று திரை மின்னியது.

"இத நிறுத்திக் குடுங்க சார்."

ரங்கபாஷ்யம் அலட்சியமாகப் போனை எடுத்தார். உள்ளே போனார், திரும்பினார், மறுபடி தேடினார். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவழியாகக் கணக்கை மூடும் பக்கம் கிடைத்தது. அது ஞானராஜின் விரல் ரேகையைக் கேட்டது.

அவர் போனை மெல்லக் கீழே வைத்தார்.

"நானும் அதுவரைக்கும்தான் படிச்சேன் சார்" என்றாள் மரியசெல்வி.

வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இறந்தவரின் கணக்கைக் குடும்பத்தாரே மூடுவதற்கு அந்த மாதமே செயலியில் ஒரு பொத்தான் வந்தது. மரியசெல்வி அதை அழுத்தினாள். அதன் பிறகு அவள் வீட்டில் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருமில்லை.