யார் கையும் இல்லாத முழம்

காதுள்ளவர்கள் கிட்டே வாருங்கள். கொட்டாவி விடுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு வாருங்கள். முன்னொரு காலத்தில் மலையடி நாட்டு ராஜா, ஏரி நிறைந்தால் தண்ணீரைத் திறந்துவிட ஒரு மதகு கட்டச் சொன்னார்.

கல்தச்சர் கல்லில் வாசல் செதுக்கினார். மரத்தச்சர் அதை அடைக்கப் பலகை இழைத்தார். கொல்லர் பலகைக்கு இரும்புப் பட்டை அடித்தார். பொருத்திப் பார்த்தால்... பட்டை பலகையில் ஏறவில்லை, பலகை வாசலில் நுழையவில்லை!

உடை, இழை, அடி. மறுபடியும் உடை, இழை, அடி. அதற்குள் மழை வந்தது. கரை உடைந்து கீழக்குடி மூழ்கியது. அடுத்த வருஷமும் அதே கதை.

மூன்றாம் மழைக்கு மேகம் திரண்டது. “ஆளைக் கூட்டு! முரசைத் தட்டு! சாட்டையை எடு!” என்று அலறினார் மந்திரி. ஆள் கூடியது, சத்தம் கூடியது, மதகு மட்டும் கூடவில்லை.

இரண்டு மழையிலும் வீட்டைப் பறிகொடுத்த கீழக்குடிக் கொப்பாயி அங்கே மண் சுமந்துகொண்டிருந்தாள். கூடையைத் தொப்பென்று போட்டாள். கரையோரம் இருந்த பூக்காரியிடம் பூச்சரம் வாங்கிக்கொண்டு, வேலையைப் பார்க்க வந்திருந்த ராஜாவிடம் நேரே போனாள்.

“மகாராஜா, இந்த மூணு பெரியவங்களையும் ஆளுக்கு ஒரு முழம் பூ அளக்கச் சொல்லுங்க.”

கல்தச்சருக்குத் துதிக்கை மாதிரி கை. மரத்தச்சருக்கு நடுவாந்தரம். கொல்லரோ குள்ளர். மூன்று சரமும் மூன்று நீளத்தில் தொங்கின.

“ஐயோ கொல்லரே, உம்மகிட்ட பூ வாங்கினா பொஞ்சாதி அடிப்பாளே!” என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

“எங்க பரம்பரை முழம்!” என்று இடித்தார் கல்தச்சர். “எங்க குலத்து முழம்!” என்று மூக்கால் பேசினார் மரத்தச்சர். “எங்க மானம்!” என்று கீச்சிட்டார் கொல்லர்.

“நிறுத்துங்கள்! இனி என் கைதான் முழம்,” என்றார் ராஜா.

“உங்க கையும் வேண்டாம் மகாராஜா. கை அரண்மனைக்குப் போயிடும், கல்லு இங்கேயே கிடக்கும்,” என்றாள் கொப்பாயி.

மந்திரி வாளை உருவினார். கொப்பாயி அசையவில்லை. ஒரு மூங்கில் கழியை வெட்டினாள். அதே நீளத்தில் இன்னும் இரண்டு வெட்டினாள். மூவர் கையிலும் திணித்தாள்.

“இது யாருடைய கை?” என்றார் ராஜா.

“யார் கையும் இல்ல. அதனாலதான் சண்டையும் இல்ல. பிடிக்கலைன்னா என்னை வெட்டிடுங்க. ஆனா இந்த மழைக்கு எங்க வீட்டுல நீங்க வந்து படுங்க!”

ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். “மந்திரி, வாளை உள்ளே போடும்.”

மூவரும் அந்தக் கழியால் அளந்து, அவரவர் கொட்டகையில் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். கரையில் வைத்துப் பொருத்தினார்கள். பட்டை டக்கென்று உட்கார்ந்தது. பலகை வழுக்கிக்கொண்டு வாசலில் இறங்கியது.

மழை கொட்டியது. மதகு திறந்தது. கீழக்குடியில் அன்றைக்கும் அடுப்பு எரிந்தது.

ஆளையும் அதட்டலையும் கூட்டினால் வேலை முடியாது. சேர்ந்து கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டால்தான் முடியும்.