கண்டல் மரம் பிள்ளையை இறக்கிவிடாத கதை

ஆறும் கடலும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், முகத்துவாரத்துச் சேற்றில் ஒரு கண்டல் மரம் இருந்தது. மற்ற மரங்களைப் போல அதுவும் விதையை உதிர்க்கும். உதிர்ந்தது காலடியிலேயே முளைக்கும். ஆறும் கடலும் அப்போது உயிர்ச் சிநேகிதம். இரண்டும் புரண்டு விளையாட, நடுவில் கண்டலின் பிள்ளைகள் பயமில்லாமல் தலையாட்டும். என்ன அருமையான நாட்கள் அவை!

பிறகு, யார் பெரியவர் என்று இரண்டுக்கும் சண்டை மூண்டது. கரையில் இருப்பவர்கள் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டும் என்று இரண்டும் உத்தரவு போட்டன.

"ஆத்துப் பக்கம் சாஞ்சிடுக்கா," என்றது வேரடியில் குடியிருந்த நண்டு. "நல்ல தண்ணி, புது வண்டல். நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி."

கண்டல் ஆற்றின் பக்கம் சாய்ந்தது. ஐப்பசியில் வெள்ளம் வந்து, ஒரு பிள்ளை விடாமல் வாரிக்கொண்டு போனது.

"பெரிய காரியமாப் போறேன். காலடியில யார் இருக்கான்னு பார்த்துக்கிட்டா இருக்க முடியும்?" என்று ஆறு போகிற போக்கில் சொல்லிற்று.

"நான் அப்பவே நெனச்சேன்," என்றது கிளையில் உட்கார்ந்திருந்த கூழைக்கடாப் பறவை. "கடல் இப்படிக் கண்ணுமண்ணு தெரியாம ஆடாது. சொன்ன நேரத்துக்கு வரும், சொன்ன நேரத்துக்குப் போகும்."

அடுத்த காய்ப்பில் கண்டல் கடலின் பக்கம் சாய்ந்தது. கடல் நேரம் தவறவே இல்லை. வற்றிப் போகும்போதெல்லாம் ஒரு பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போனது. கேட்டதற்கு, "காவலுக்கு வர்றவன் வெறுங்கையோடயா போவான்?" என்று சிரித்தது. மறுபடியும் காலடி வெறிச்சோடிவிட்டது.

நண்டும் கூழைக்கடாவும் மட்டும் விடவில்லை.

"வருசத்துக்கு ஒருக்காதானே ஆறு எடுக்குது!"

"கடல் ஒண்ணொண்ணாத்தானே எடுக்குது!"

கண்டல் இரண்டையும் பார்த்துச் சீறியது.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் எடை போடறீங்க. தராசுல வைக்கிறது எம் பிள்ளைங்களை. நல்ல தண்ணியும் வேணும், உப்பும் வேணும், ரெண்டையும் விட்டு நான் எங்க போவேன்? ஆனா இனிமே யாரையும் நம்பிப் பிள்ளையக் கீழ விடமாட்டேன்."

அந்த முறை விதை முற்றியும் அது உதிர்க்கவில்லை. கிளை கடுகடுவென்று வலித்தது. பிள்ளை இடுப்பிலேயே முளைத்து, பச்சைக் காலை நீட்டிக்கொண்டு தொங்கியது. ஆறு "இறக்கிவிடு" என்று கொஞ்சியது. கடல் "இறக்கிவிடு" என்று அதட்டியது. "காலு நீளட்டும்," என்று இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னது கண்டல்.

ஆறு மெலிந்து, கடலும் வற்றியிருந்த ஒரு மத்தியானம், கண்டல் மெல்லப் பிடியை விட்டது. பிள்ளை நேராக விழுந்து சேற்றில் குத்திட்டு நின்றது. மாலையில் ஏறி வந்த தண்ணீர் அதை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தது. அது அசைந்ததே தவிர, இடம் பெயரவில்லை. கண்டலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும், பிள்ளைகளை யோசிக்காமல் கீழே விட முடிந்த அந்தப் பழைய நாட்களை நினைத்து அது அழவும் செய்தது.

கண்டலின் விதை தாயின் கிளையிலேயே முளைத்து, ஒரு முழம் கால் நீண்ட பிறகுதான் சேற்றில் இறங்குவது அன்று முதல்தான். ஆறு நல்லதா கடல் நல்லதா என்று அது யாரிடமும் கேட்பதை விட்டதும் அன்று முதல்தான்.